தேதி பார்க்கிற அக்கா

“ஜூன் மாசத்துல ரெண்டு பதினேழாந்தேதி இருக்கு. அப்படியே விட்டிரலாமா?”

அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தின் மாடியறை. எங்கள் பத்திரிகை ஆண்டுதோறும் முகவர்களுக்குக் கொடுக்கும் தினசரி காலண்டர் அங்கேதான் அச்சாகும். விருதுநகர் நிருபர் என்பதால், புரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. கால்மணி நேரத்தில் முந்நூற்றுச் சொச்சம் தேதிகளையும் புரட்டி, ‘சரி’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் தாளை வாங்கிப் பார்த்தேன். பதினாறு, பதினேழு, பதினேழு, பத்தொன்பது.

“பார்த்தீகளா, பார்த்த மாதிரி இருந்துச்சா?” என்று கேட்டார். குரலில் கேலி இல்லை. மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்து விவரம் கேட்பது போலக் கேட்டார்.

“பார்த்த மாதிரிதான் இருந்துச்சு.”

“ஆர்டர் கொடுக்கிறவுக எல்லாருமே அப்படித்தான் ரிப்போர்ட்டரம்மா. மேல அவுக கம்பெனி பேரு சரியா இருக்கான்னு பார்ப்பாக. கீழ இருக்கிற தேதி சூரியன் பொறுப்புன்னு விட்டிருவாக.”

அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. கண்ணாடியின் ஒரு காம்பு உடைந்து, மருத்துவப் பட்டையால் சுற்றியிருந்தது. கையில் எப்போதும் ஓர் இரும்பு ஸ்கேல் இருக்கும். அதை ஒரு வரிக்குக் கீழே வைத்தால், அந்த வரி முடியும்வரை அடுத்த வரியைப் பார்க்க மாட்டார். பிசின் தடவும் பெண்களிலிருந்து மேனேஜர் வரை கம்பெனியில் எல்லாரும் அவரை அக்கா என்றே அழைத்தார்கள். மேனேஜர் அவரைவிடப் பத்து வயது மூத்தவர்.

ஒரு தாளை அவர் தனியாகப் பார்த்து நான் கண்டதில்லை. இரண்டு பேர் வேண்டும். எதிரே மும்தாஜ் உட்கார்ந்து மூலப் பிரதியை வாசிப்பார்: ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, ஹிஜ்ரி, திதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், பன்னிரண்டு ராசிக்கும் ஒற்றை வார்த்தைப் பலன். அக்கா ஸ்கேலை நகர்த்திக்கொண்டே வருவார். ஒரு தேதி முடிந்ததும் “ம்” என்பார். “ம்” வராவிட்டால் மும்தாஜ் நிறுத்திவிடுவார். தாளின் மூலையில் இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் அச்சுக்கான பிளேட் போடப் போகும். ஒருத்தர் கண்ணை மட்டும் நம்பக் கூடாது, அது ஏற்கெனவே தெரிந்ததைத்தான் படிக்கும் என்பது அக்காவின் கணக்கு.

மும்தாஜ் ஊரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். கணவர் இறந்தபின் வேலைக்கு வந்தவர். கரிநாளையும் சந்திராஷ்டமத்தையும் தடங்கலில்லாமல் வாசிப்பார். “எங்க வீட்டுல ராகுகாலம் பார்க்கிறதில்ல. ஆனா ஊருக்கே ராகுகாலம் சொல்றவ நான்தான்” என்று என்னிடம் சிரித்தார்.

பைண்டிங் பகுதியில் வேலை செய்யும் பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் மாடிக்கு வந்து, அடுத்த வருடம் தங்கள் ராசிக்கு என்ன போட்டிருக்கிறது என்று கேட்பார்கள். அக்கா சொல்ல மாட்டார். “நான் எழுத்தைத்தான் பார்த்தேன். பலனைப் பார்க்கல” என்பார். அது தட்டிக்கழிப்பு அல்ல. சிம்மத்துக்கு ‘ஆதாயம்’ என்று வந்தாலும் ‘அலைச்சல்’ என்று வந்தாலும் அவருக்கு அது நாலைந்து எழுத்து, ஒற்று சரி, அவ்வளவுதான்.

இந்தக் குணம் மாடியறையோடு நிற்கவில்லை. அவர் கணவர் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். காலையில் அவர் கிளம்பும்போது அக்கா சட்டையைத் தொட்டுப் பார்ப்பார், பொறி கிளப்பாத பருத்தியா என்று. தூக்குவாளிப் பையைத் தட்டிப் பார்ப்பார், உள்ளே செல்போன் இருக்கிறதா என்று. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமாக இது நடக்கிறது. “எங்க ஆலை கேட்டுல கூட இம்புட்டுச் சோதனை கிடையாது” என்று அவர் அலுத்துக்கொள்வாராம். கையை விரித்து நிற்கவும் செய்வாராம்.

ஒருமுறை மிஷின் பகுதியில் ஒருவர் தம் மகன் கல்யாணப் பத்திரிகையை எல்லாருக்கும் கொடுத்தார். அக்கா வாங்கினார், நின்ற இடத்திலேயே ஸ்கேலை வைத்தார். “தேதிக்கு வியாழன் வருது. நீங்க புதன்னு போட்டிருக்கீக” என்றார்.

“நல்ல காரியத்துல வந்து நொட்டம் சொல்றீகளேக்கா!” என்று அந்த மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

“நான் சொல்லல. பாதிச் சொந்தம் புதன்கெழமை வந்து மண்டபத்துல ஒக்காரும்ல, அவுக சொல்வாக.”

பத்திரிகை மறுபடி அச்சானது. காலண்டர் அடிக்கிற ஊரில், காலண்டர் அடிக்கிற கம்பெனிக்காரர் வீட்டிலேயே கிழமை தப்பாகப் போனதை மாதக்கணக்கில் சொல்லிச் சிரித்தார்கள். அந்த மனிதர் மட்டும் இரண்டு மாதம் அக்காவோடு பேசவில்லை.

ஆடிப் பதினெட்டில் புதுக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிட்டுப் பூசை போட்டால், அங்கே தை பிறக்கும்வரை சீசன்தான். தீபாவளிவரை பட்டாசு, அதன்பின் கடைசி லோடு போகும்வரை காலண்டர். இடைப்பட்ட மாதங்களில் யாரும் எதற்கும் லீவு கேட்பதில்லை. பல் வலி, வீட்டுக் கூரை, பெண் பார்க்க வருவது, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: “பொங்கல் கழிச்சு.” சிவகாசிக்காரர்கள் சாவதுகூடப் பொங்கல் கழித்துத்தான் என்று வெளியூர் லாரி டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள்.

நான் சொல்ல வந்தது மூன்றாம் வருட அக்டோபரில் நடந்தது.

ஜனவரித் தாள்கள் ஓடிக்கொண்டிருந்தன. மும்தாஜ் வாசிக்க, அக்கா ஸ்கேலை நகர்த்த, நான் பக்கத்தில் எங்கள் பத்திரிகையின் விளம்பர வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மும்தாஜின் அடுக்கில் ஒரு தாள் புரண்டு கிடந்தது. பழைய புரூஃப் தாள், பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது. மும்தாஜ் வாசிக்கிற ஓட்டத்தில் அதையும் வாசித்துவிட்டார்.

“மூக்குக் கண்ணாடி மாத்தணும். கரண்ட் மீட்டர் பேர் மாத்தணும். இடது மார்பில் கட்டி.”

வழக்கமான குரலில், நட்சத்திரமும் திதியும் வாசிக்கிற அதே ராகத்தில்தான் வாசித்தார். “ம்” வரவில்லை. மும்தாஜ் தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபக்கம் ஜனவரி இருபதாம் தேதி.

“யக்கா, இது ஒங்க எழுத்துல்ல?”

“அது பொங்கல் கழிச்சுப் பார்க்க வேண்டிய வேலை. தாளை மாத்தி வச்சிட்டேன். நீ அடுத்த தேதிய வாசி.”

“எப்போ இருந்து இருக்கு?”

“ஆடில.”

மும்தாஜ் விரல்விட்டு எண்ணினார். மூன்று மாதம். மூலத்தை மூடி மேசை மேல் வைத்தார்.

“நான் வாசிக்க மாட்டேன்.”

“கிறுக்குத்தனம் பண்ணாத. வியாழக்கிழமை லோடு போகணும்.”

“போகட்டும். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வாங்க, வாசிக்கிறேன்.”

அரைமணி நேரம் போனது. கீழே பிளேட் போடுகிறவர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துப் போனார். பிறகு மேனேஜர் அண்ணாச்சி வந்தார். நெற்றி வியர்வையைத் துடைத்தபடி நின்றார்.

“என்ன தாயி, ரெண்டு பேரும் மௌன விரதமா? மெஷின் சும்மா நிக்குது.”

“அக்காவக் கேளுங்கண்ணாச்சி,” என்றார் மும்தாஜ்.

“அவளக் கேளுங்க,” என்றார் அக்கா.

“யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்கம்மா.”

“பொம்பளைக விஷயம்ணாச்சி,” என்றார் அக்கா.

அண்ணாச்சி இரண்டு எட்டு பின்வாங்கினார். “வேணும்னா வாசிக்க வேற ஆளை அனுப்பவா?” என்று வாசலில் நின்று கேட்டார்.

“வேண்டாம்,” என்றார் அக்கா உடனே. “அந்தப் பிள்ளைக வரி தாண்டிப் போகுங்க.”

அண்ணாச்சி போனபின் மும்தாஜ் மேசைமேல் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “தப்புன்னு தெரிஞ்ச தாளை மெஷினுக்கு விடுவீகளா?”

“விட மாட்டேன்.”

“அப்புறம்?”

“இது தப்புன்னு யாரு சொன்னா? சும்மா கொழுப்புக் கட்டியா இருக்கும்.”

“இருக்கலாம். யாரு பார்த்தா?”

அக்கா ஸ்கேலை எடுத்துத் தாளின் விளிம்போடு ஒட்டி நேராக வைத்தார். எழுந்து போய்க் கை கழுவினார். முந்தானையில் துடைத்துக்கொண்டே, “ஆஸ்பத்திரில எத்தனை மணி வரைக்கும் சீட்டுக் கொடுப்பாக?” என்று கேட்டார்.

மூன்று பேரும் போனோம். ஷேர் ஆட்டோவில் அவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். வழியில் ஒரே ஒருமுறை பேசினார். “பார்த்துட்டா, இருக்குன்னு ஆயிரும்லா ரிப்போர்ட்டரம்மா. பார்க்காத வரைக்கும் எம்புட்டு நாளும் இல்லைன்னு வச்சுக்கிடலாம்.” எத்தனையோ தாள்களில் தப்பைத் தேடிப் பிடித்தவர், தன் உடம்பில் ஒரே ஓர் இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறார். அது கவனக்குறைவு இல்லை, பயம். இரண்டும் வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பரிசோதித்த பெண் மருத்துவர் சின்ன வயதுக்காரர். ஸ்கேனுக்கும் ஊசிப் பரிசோதனைக்கும் விருதுநகருக்கு எழுதிக் கொடுத்தார். பதினோரு நாளில் முடிவு வந்தது. புற்றுநோய். அக்குளில் ஒரு நெறிக்கட்டி வரைக்கும் வந்திருந்தது, அதற்கு மேல் பரவவில்லை. “முன்னாடியே வந்திருக்கலாம்,” என்று மருத்துவர் மறைக்காமல் சொன்னார். “ஆனா இப்பவும் குணமாக்கக்கூடிய கட்டந்தான். சீசன் கீசன்னு இனிமே ஒரு நாள் தள்ளக் கூடாது.”

அக்கா அந்த அறிக்கையை வாங்கி, ஸ்கேல் இல்லாததால் விரலை வரிக்குக் கீழே வைத்து, முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார். பெயர், வயது, இடது பக்கம். “எல்லாம் சரியாத்தான் போட்டிருக்காக,” என்றார். பிறகுதான் அழுதார்.

அடுத்த மாதங்களை நான் முழுக்கப் பார்த்தவள் இல்லை. விட்டுவிட்டுப் பார்த்தேன். விருதுநகரை ஒட்டிய சூலக்கரையில், கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் அக்கா மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுக்க வந்தபோது, என் வேலையும் அங்கேதான் என்பதால் கூட நின்றேன். படம் எடுத்து, விவரம் பதிந்து, திரையில் காட்டினார்கள். அக்கா குனிந்து படிக்க ஆரம்பித்தார். பின்னால் வரிசை நீண்டது.

“யக்கா, பரீட்சைப் பேப்பரா திருத்துறீக? நகருங்க,” என்றது ஒரு குரல்.

“பொறந்த வருசம் தப்பு. எனக்கு எட்டு வயசு கூட்டியிருக்காக.”

“அதுல என்னக்கா? ஒங்களப் பொண்ணு பார்க்கவா வாராக?”

வரிசையே சிரித்தது. அக்காவும் சிரித்தார். வருடத்தைத் திருத்தி, மறுபடி படித்து, அதன்பிறகுதான் நகர்ந்தார். பெரியாஸ்பத்திரியில் அட்டையும் ஆதாரும் ஒத்துப்போகாமல் அலைகிற ஆட்களை நான் செய்தியாக எழுதியிருக்கிறேன். அக்கா ஒருநாள்கூட அப்படி அலையவில்லை.

அறுவை சிகிச்சை மதுரையில் நடந்தது. பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றிக்கொள்ளப் போனார். ஒரு தடவை நான் போயிருந்தபோது தலையில் பூப்போட்ட துண்டு கட்டியிருந்தார், புருவம்கூட உதிர்ந்திருந்தது. செவிலியர் ஒருவர், சாத்தூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண், மருந்துப் புட்டியோடு வந்தார். அக்கா கையை நீட்டவில்லை.

“சிஸ்டர், அதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க. நான் என் சீட்டுல பார்த்துக்கிறேன்.”

முதல் தடவை இப்படிக் கேட்டபோது அந்தச் செவிலியருக்குக் கொஞ்சம் கோபம்தானாம். இப்போது பழகிவிட்டது. பெயர், நோயாளி எண், மருந்து, அளவு என்று வாசித்தார். அக்கா “ம்” என்றார். பிறகு இன்னொரு செவிலியரும் வந்து அதையே வாசித்துக் கையெழுத்துப் போட்டார்.

“எங்களுக்கும் ரூல் இதுதான்மா. இந்த மருந்தை ரெண்டு பேரு சரிபார்க்காம ஏத்த மாட்டோம்,” என்றார் சாத்தூர்க்காரர்.

அக்காவின் முகம் மலர்ந்தது. “அப்போ நீங்களும் நம்ம டிபார்ட்மென்டுதான்,” என்றார்.

அந்த வருட சீசனை மும்தாஜ் ஓட்டினார். ஸ்கேலைத் தான் பிடித்து, வாசிக்க ஒரு பெண்ணை அமர்த்தி, வரி தாண்டாமல் வாசிக்கப் பழக்கினார். முக்கியமான தாள்களைப் படமெடுத்து வாட்சப்பில் அக்காவுக்கு அனுப்பியபோது, “கண்ணு சரியாத் தெரியல. நான் பார்க்காததை சரின்னு சொல்ல முடியாது. நீயே போடு கையெழுத்தை” என்று பதில் வந்ததாம். தாள்களில் தப்பு ஒன்றும் வரவில்லை. வந்தது என்று நான் எழுதியிருந்தால் கதைக்கு ருசியாக இருந்திருக்கும்.

மறு ஆடியில் அக்கா வேலைக்குத் திரும்பினார். மருந்தும் கதிர்வீச்சும் முடிந்திருந்தன. தலையில் விரல்கடை அளவு முடி, சுருள் சுருளாக. முன்பு சுருள் கிடையாது. இடது கை வீங்கிவிடக் கூடாது என்று நீளமான உறை போட்டிருந்தார். பூசையன்று எல்லாரும் நலம் விசாரித்தார்கள். ஆனால் யாரும் நோயின் பெயரைச் சொல்லவில்லை. “ஒடம்பு சரியாயிட்டுதாக்கா?” என்று பொதுவாகக் கேட்டார்கள். சிலர் அக்கா குடித்த டம்ளரைத் தனியாக வைத்தார்கள். அக்கா அதையும் பார்த்தார்.

ஒரு வாரம் கழித்து, பதினோரு மணி டீ நேரத்தில், பைண்டிங் பகுதி வாசலில் பெண்கள் முப்பது பேர் உட்கார்ந்திருந்தபோது அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தார். எங்கள் பத்திரிகையின் புது ஆர்டருக்காக நானும் அங்கே இருந்தேன். நடுவில் நின்று, தாள் வாசிக்கிற குரலில் சொன்னார்:

“எனக்கு வந்தது மார்பகப் புற்றுநோய். இடது பக்கம் எடுத்துட்டாக. இது ஒட்டிக்கிற நோவு இல்ல. ஆடில தெரிஞ்சும் மூணு மாசம் காட்டாம இருந்தேன், அது என் தப்பு. யாருக்கு என்ன கேக்கணுமோ கேளுங்க.”

மூலையிலிருந்து ஒருத்தி, “வலிச்சுதாக்கா?” என்றாள்.

“ஆப்பரேசன் வலி தாங்கலாம். மருந்து ஏத்துன மறுநாள்தான் கஷ்டம். ஒரு வாரம் சோறு மண்ணா இருக்கும். அப்புறம் சரியாயிரும்.”

“முடி திரும்ப வந்திருமா?”

“வந்து நிக்குதே, தெரியல? காசு கொடுக்காமச் சுருட்டி விட்டிருக்காக.”

அங்கேதான் முதல் சிரிப்பு வந்தது. அதன்பின் கேள்விகள் குவிந்தன. வீட்டுக்காரர் என்ன சொன்னார், ஆம்பிளை டாக்டரா பொம்பளை டாக்டரா, கட்டி எப்படி இருந்தது, கல் மாதிரியா நெல்லிக்காய் மாதிரியா. தெரிந்ததைச் சொன்னார். தெரியாததை “அது எனக்குத் தெரியாது, டாக்டரத்தான் கேக்கணும்” என்றார்.

இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று பிறகு கேட்டேன். எழுதலாம், பெயர் கூடாது என்றார். வெட்கம் காரணமில்லை. “பேரு போட்டீகன்னா, அந்தப் பொம்பளைக்கு வந்திருக்கு, நமக்கில்லன்னு படிச்சுட்டு மடிச்சு வச்சிருவாக.” அதனால்தான் இங்கும் பெயர் இல்லை.

மணி அடித்து எல்லாரும் உள்ளே போனபோது ஒருத்தி மட்டும் போகவில்லை. பேச்சியம்மாள், பிசின் தடவும் வேலை, முப்பது வயது. விரலில் காய்ந்த பிசினை உரித்தபடி நின்றாள்.

“யக்கா, எனக்கும் ஒண்ணு இருக்கு.”

“எந்தப் பக்கம்?”

“வலது.”

“எத்தனை நாளா?”

“சித்திரைல இருந்து.”

அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. “செருப்பை மாட்டு,” என்றார். மாடியைப் பார்த்து, “ஏத்தா மும்தாஜு, இறங்கி வா. இவ கூட ஆஸ்பத்திரிக்குப் போகணும்” என்று கத்தினார். மேனேஜர் அண்ணாச்சி கேட்டருகே லோடு லாரிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். வேலை நேரத்தில் இரண்டு பெண்கள் வெளியே போவதைப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லி, வழிவிட்டார்.

பேச்சியம்மாளுடையது வெறும் நார்க்கட்டி என்று பத்து நாளில் தெரிந்தது. அதற்குள் பைண்டிங்கிலிருந்து இன்னும் ஆறு பேர், இரண்டிரண்டு பேராக, போய்க் காட்டிவிட்டு வந்திருந்தார்கள். சீசன் அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. அந்த ஆறு பேரில் ஒருவரை மட்டும் அடுத்த பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். மும்தாஜ் அவரோடு விருதுநகர் போன அன்று, அக்காவுக்கு எதிரே நாற்காலி காலியாக இருந்தது.

“சும்மாதான இருக்கீக ரிப்போர்ட்டரம்மா, ஒக்காருங்க,” என்று மூலத்தை என் பக்கம் தள்ளினார்.

வாசிக்க ஆரம்பித்தேன். என் பழக்கத்தில் வேகமாகப் போனேன். மார்ச் இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாம் தேதியில் “ம்” வரவில்லை. நிமிர்ந்தேன். அக்கா உறை போட்ட கையால் ஸ்கேலை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

“எதுக்கு ஓடுறீக?” என்றார். “மெதுவா வாசிங்க. நேரம் கெடக்கு.”